காது, மூக்கு, தொண்டை நோய்களைப் பொது மருத்துவர் எந்த அளவுக்குக் கண்டறிய முடியும்?

வழிதேடி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். இளநிலை மருத்துவப் படிப்பை முடித்துவிட்டு, சிறிய மருத்துவமனை ஒன்றின் புறநோயாளர் பிரிவில் பணியாற்றி வருகிறேன். என்னிடம் வருபவர்களில் பெரும்பகுதியினர் காதுவலி, காதடைப்பு, மூக்கடைப்பு, தொண்டைவலி, தலைசுற்றல் என்று ஏதேனும் ஒன்றைச் சொல்லிக்கொண்டுதான் வருகிறார்கள். ஆனால் படிப்புக் காலத்தில் இந்தத் துறைக்கு ஒதுக்கப்பட்டவை சில வாரங்கள் மட்டுமே. அவற்றிலும் அறுவை அரங்கின் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்த நேரமே அதிகம். தேர்வுக்காகப் படித்த அரிய நோய்களின் பெயர்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன. எதிரில் அழுதுகொண்டிருக்கும் குழந்தையின் செவிப்பறை இயல்பாக இருக்கிறதா, இல்லையா என்பதில்தான் உறுதி வர மறுக்கிறது.

காய்ச்சலோடு வரும் குழந்தையின் செவிப்பறை சிவந்திருந்தால், அதை நடுக்காது அழற்சி என்று எழுதி ஆன்டிபயாட்டிக் கொடுத்துவிடுவது என் பணியிடத்தில் வழக்கமாக உள்ளது. அந்தச் சிவப்பு மட்டும் போதுமான சான்றாகுமா? தலைசுற்றல் என்று வருபவர்களுக்குக் கழுத்தெலும்புத் தேய்மானம் என்றோ இரத்த அழுத்தக் குறைவு என்றோ சொல்லி மாத்திரை எழுதிக் கொடுக்கிறோம். அதற்கு மேல் என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, யாரைச் சிறப்பு மருத்துவரிடம் உடனே அனுப்ப வேண்டும், யாரை என் பார்வையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு என்னிடம் தெளிவான அளவுகோல் இல்லை. என்னிடம் உள்ள கருவிகள் காதுக்குள் பார்க்க உதவும் ஓர் ஓட்டோஸ்கோப், ஒரு டார்ச் விளக்கு, நாக்கை அழுத்தும் மரக்குச்சி ஆகியவைதாம். இவற்றைக் கொண்டு எந்த அளவுக்கு நம்பகமாக நோயைக் கண்டறிய முடியும் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

செவிப்பறை

காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவராகப் பணிபுரிகிறேன். உங்கள் முதல் கேள்விக்கு நேரடியான பதில்: சிவப்பு மட்டும் சான்றாகாது. குழந்தை அழுதாலே செவிப்பறை சிவக்கும், காய்ச்சலிலும் சிவக்கும், காதுக்குறும்பியை எடுக்க முயன்ற பின்னரும் சிவக்கும். கடுமையான நடுக்காது அழற்சியில் நீங்கள் தேட வேண்டியது செவிப்பறையின் புடைப்பு. இயல்பான செவிப்பறை முத்துப்போன்ற சாம்பல் நிறத்தில் ஒளி ஊடுருவக்கூடியதாக இருக்கும். சுத்தி எலும்பின் கைப்பிடி அதன் நடுவே தெரியும். ஓட்டோஸ்கோப்பின் வெளிச்சம் முன்கீழ்ப் பகுதியில் கூம்பு வடிவில் பிரதிபலிக்கும். உள்ளே சீழ் சேர்ந்து அழுத்தம் கூடும்போது பறை வெளிநோக்கிப் பிதுங்கி, அந்த எலும்பின் அடையாளம் மறைந்துவிடும். நிறத்தை மறந்துவிட்டு வடிவத்தைப் பாருங்கள்.

ஓட்டோஸ்கோப்பைப் பிடிக்கும் முறையிலும் பாதி விடை இருக்கிறது. பேனாவைப் பிடிப்பதுபோல் பிடித்து, சுண்டுவிரலைக் குழந்தையின் கன்னத்தில் ஊன்றிக்கொள்ளுங்கள். குழந்தை தலையைத் திருப்பினால் கையும் கருவியும் சேர்ந்தே திரும்பும், காதில் குத்தாது. பெரியவர்களுக்குக் காது மடலை மேலும் பின்னும் இழுக்க வேண்டும். சின்னஞ்சிறு குழந்தைகளுக்குக் கீழும் பின்னும் இழுத்தால்தான் காதுக்குழாய் நேராகும். குறும்பி மறைத்துக்கொண்டிருக்கும் காதைப் பார்த்துவிட்டு "செவிப்பறை இயல்பு" என்று எழுதப்பட்ட குறிப்புகளை நான் அவ்வப்போது காண்கிறேன். பார்க்க முடியவில்லை என்றால் பார்க்க முடியவில்லை என்றுதான் எழுத வேண்டும்.

அனுப்புவதா, வைத்துக்கொள்வதா என்ற கேள்விக்கு வருகிறேன். நீண்ட பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொரு நோயாளியிடமும் ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்: தொல்லை ஒரு பக்கத்திலா, இரு பக்கங்களிலுமா? சளி, ஒவ்வாமை, மாசு போன்றவை பெரும்பாலும் இரு பக்கங்களையும் தாக்கும். ஒரு பக்கத்தில் மட்டும் நிலைத்து நிற்கும் தொல்லைக்கு அந்தப் பக்கத்திலேயே ஒரு காரணம் இருக்க வேண்டும்; அதைக் கண்டுபிடிக்கும் வரை விடக்கூடாது.

சிறு குழந்தைக்கு ஒரு மூக்கிலிருந்து மட்டும் துர்நாற்றத்தோடு சளி வழிந்தால், வேறு காரணம் உறுதியாகும் வரை அது உள்ளே சிக்கிய அந்நியப் பொருள் என்றே கொள்ள வேண்டும். அது பொத்தான் வடிவ மின்கலமாக இருந்தால் சில மணி நேரத்திற்குள் மூக்கின் நடுச்சுவரை அரித்துவிடும். அந்தக் குழந்தையை மறுநாளைக்கு வரச் சொல்லக்கூடாது. பெரியவர் ஒருவருக்கு ஒரு பக்க மூக்கடைப்போடு இரத்தமும் கசிந்தால் கட்டியை நினைக்க வேண்டும். பெரியவரின் ஒரு காதில் மட்டும் நடுக்காது நீர் சேர்ந்து வாரக்கணக்கில் வடியாமல் இருந்தால், காதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. மூக்கின் பின்புறத் தொண்டையைப் பார்க்க வேண்டும், அங்கே வளரும் புற்றுநோய் நடுக்காதுக் குழலை அடைத்திருக்கக்கூடும். காதுவலி என்கிறார், காதோ முற்றிலும் இயல்பாக இருக்கிறது என்றால், அந்த வலி கடைவாய்ப் பல்லிலிருந்தோ தாடை மூட்டிலிருந்தோ டான்சிலிலிருந்தோ, நாக்கின் அடிப்பகுதியிலும் குரல்வளையைச் சுற்றிலும் உள்ள கட்டியிலிருந்தோ வரலாம். ஐந்தாவது, ஏழாவது, ஒன்பதாவது, பத்தாவது கபால நரம்புகளும் மேற்கழுத்து நரம்புகளும் காதுக்குக் கிளைகளை அனுப்புவதே இதற்குக் காரணம். புகைப்பழக்கம் உள்ளவருக்கு இயல்பான காதில் தொடர்வலி இருப்பது எனக்கு எப்போதும் கவலை தரும் செய்தி.

மூக்கைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. "மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது என்று சொன்னார்கள்" என்று அனுப்பப்படுபவர்களில் பலருக்கு இருப்பது வீங்கிய கீழ் டர்பினேட் (மூக்கின் பக்கச்சுவரிலுள்ள எலும்பு மடிப்பு) மட்டுமே. அது எல்லாருக்கும் பிறவியிலேயே உள்ள உறுப்பு. டர்பினேட் இளஞ்சிவப்பாக இருக்கும், தொட்டால் நோயாளி துள்ளுவார். உண்மையான சதை வளர்ச்சியான பாலிப் வெளிறிய சாம்பல் நிறத்தில், உரித்த திராட்சையைப்போல் பளபளப்பாக இருக்கும், தொட்டாலும் வலிக்காது. இந்த வேறுபாடு தெரிந்திருந்தால் பல குடும்பங்கள் தேவையற்ற அறுவை அச்சத்திலிருந்து தப்பிக்கும்.

குரல் கம்மல் மூன்று, நான்கு வாரங்களைக் கடந்துவிட்டால் யாரேனும் ஒருவர் குரல்நாண்களைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். அதுவரை இருமல் மருந்தை மாற்றிக்கொண்டிருப்பதில் பொருளில்லை. 1854-இல் கண்ணாடி ஒன்றின் உதவியோடு தம் குரல்நாண்களைத் தாமே பார்த்துக் காட்டிய மானுவல் கார்சியா மருத்துவரல்லர், இசை ஆசிரியர் என்பதை என் மாணவர்களுக்கு நான் அடிக்கடி நினைவூட்டுவதுண்டு.

மருந்துப்பெட்டி

குடும்ப மருத்துவராக நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில், மேலே சொல்லப்பட்டவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். சிறப்பு மருத்துவர் பார்ப்பது ஏற்கெனவே சலித்தெடுக்கப்பட்ட நோயாளிகளை. நம்மிடம் வருபவர்களோ நோயின் முதல் நாளிலோ இரண்டாம் நாளிலோ, அடையாளங்கள் இன்னும் முழுமையாக வெளிப்படாத நிலையில் வருகிறார்கள். அந்த நேரத்தில் அறுதியிட்டுச் சொல்ல முடியாமல் போவதை அறியாமை என்று கொள்ளக்கூடாது. காலமும் ஒரு நோயறி கருவிதான். அதைப் பயன்படுத்தத் தெரிந்திருப்பது நம் துறைக்கே உரிய திறன் என்று நான் கருதுகிறேன்.

சைனஸ் அழற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மூக்குச் சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறிவிட்டது என்பதற்காக அது பாக்டீரியா தொற்று ஆகிவிடாது. சாதாரண வைரஸ் சளியிலும் நிறம் மாறும். அறிகுறிகள் பத்து நாட்களைத் தாண்டியும் குறையாமல் நீடிப்பது, சற்றுத் தேறிய பின் மீண்டும் மோசமாவது, தொடக்கத்திலேயே 39 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் காய்ச்சலும் முகவலியும் சீழ்ச்சளியும் மூன்று, நான்கு நாட்கள் விடாமல் இருப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தால்தான் பாக்டீரியாவைச் சந்தேகிக்கலாம். இதற்கு எக்ஸ்ரே எடுப்பதால் எந்தத் தெளிவும் கிடைப்பதில்லை. மாதந்தோறும் "சைனஸ் தலைவலி" என்று வருபவர்களிடம் வெளிச்சம் உறுத்துகிறதா, குமட்டல் வருகிறதா, வேலையை விட்டுவிட்டுப் படுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறதா என்று கேட்டுப்பாருங்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது மைக்ரேன். மைக்ரேனிலும் மூக்கடைப்பும் கண்ணீரும் வரும் என்பதால்தான் நோயாளியும் மருத்துவரும் சேர்ந்தே ஏமாறுகிறார்கள்.

தொண்டைவலிக்கு 1981-இல் மருத்துவர் சென்டர் வகுத்த நான்கு அடையாளங்கள் இன்றும் பயன்படுகின்றன: காய்ச்சல், டான்சில் மீது வெண்படலம், கழுத்தின் முன்பகுதி நிணநீர்க் கணுக்களில் தொட்டால் வலி, இருமல் இல்லாமை. பின்னர் மெக்ஐசக் இதில் வயதையும் சேர்த்தார். எனினும் இதை அளவுக்கு மீறி நம்பவும் கூடாது. நான்கும் இருந்தாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா தொற்று இருப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ பாதியை ஒட்டியே இருக்கும். ஆகவே இந்த அடையாளங்களை எண்ணிப் பார்ப்பதன் உண்மையான பயன், யாருக்கு ஆன்டிபயாட்டிக் தேவையில்லை என்று நம்மைத் துணிவோடு சொல்ல வைப்பதில்தான் இருக்கிறது. இளவயதினர் ஒருவருக்குக் கழுத்தின் பின்பக்கக் கணுக்களும் வீங்கி, களைப்பும் மிகுந்திருந்தால் சுரப்பிக் காய்ச்சலை (ஒரு வைரஸ் தொற்று) நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு அமாக்ஸிசிலின் கொடுத்தால் உடலெங்கும் தடிப்பு வந்து, அவர் வாழ்நாள் முழுவதும் "பென்சிலின் ஒவ்வாமை" என்ற தவறான முத்திரையோடு அலைய நேரிடும்.

காத்திருப்பதற்கும் கைவிடுவதற்கும் உள்ள வேறுபாடு, நோயாளியிடம் நாம் சொல்லி அனுப்பும் சொற்களில் இருக்கிறது. "சரியாகாவிட்டால் வாருங்கள்" என்பது அறிவுரையாகாது. வாயைத் திறக்க முடியாமல் போனால், குரல் வாய்க்குள் எதையோ வைத்துப் பேசுவதுபோல் மாறினால், எச்சில் விழுங்க முடியாமல் வழிந்தால், அன்றே வர வேண்டும் என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும். இதில் ஒரு விலக்கு உண்டு: மூச்சிழுக்கும்போது இரைச்சலோடு, எச்சில் வழிய, முன்சாய்ந்து உட்கார்ந்திருக்கும் குழந்தையின் வாய்க்குள் குச்சியை விட்டுப் பார்க்க முயலாதீர்கள். அந்தக் குழந்தையை அப்படியே உட்கார்ந்த நிலையில், மூச்சுப்பாதையைக் காக்க வசதியுள்ள இடத்திற்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இசைக்கவை

நான் கேட்டல் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட். கேள்வி கேட்டவரின் கருவிப் பட்டியலில் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவை (தட்டினால் ஒரே சுரத்தில் அதிரும் உலோகக் கவை) இல்லாததைக் கவனித்தேன். மேலே எழுதியவர்களும் அதைக் குறிப்பிடாததில் எனக்குச் சிறு வருத்தம்தான். பொது மருத்துவர்கள் தவறவிடும் காது நோய்களில் மிகுந்த இழப்பை உண்டாக்குவது திடீர் நரம்புவழிக் காது கேளாமை. அதைப் பிடிக்க இந்த ஒரு கவை போதும்.

நோயாளி காலையில் எழுந்ததும் ஒரு காது அடைத்ததுபோல் இருக்கிறது என்பார். கூடவே இரைச்சலும் இருக்கலாம். ஓட்டோஸ்கோப்பில் பார்த்தால் செவிப்பறை இயல்பாக இருக்கும், அல்லது கொஞ்சம் குறும்பி இருக்கும். அவர் சளிக்கான மாத்திரையோடும் மூக்குச் சொட்டு மருந்தோடும் வீட்டுக்கு அனுப்பப்படுவார். மூன்று வாரம் கழித்து எங்களிடம் வரும்போது, ஸ்டீராய்டு பயனளிக்கக்கூடிய காலம் பெரும்பாலும் கடந்துவிட்டிருக்கும். முதல் இரண்டு வாரங்களுக்குள், அதிலும் இயன்றவரை விரைவாகத் தொடங்கும்போதுதான் அந்தச் சிகிச்சையிலிருந்து பயனை எதிர்பார்க்க முடியும். 72 மணி நேரத்திற்குள், அடுத்தடுத்த மூன்று அலைவெண்களிலேனும் 30 டெசிபலுக்குக் குறையாத இழப்பு ஏற்பட்டிருப்பது இதன் வழக்கமான வரையறை. ஆனால் சந்தேகிப்பதற்கு ஆடியோகிராம் (கேட்டல் அளவின் வரைபடம்) வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

கவையை முழங்கையிலோ முழங்காலிலோ தட்டுங்கள். மேசை விளிம்பில் தட்டினால் வேண்டாத மேல்சுரங்கள் கலந்துவிடும். அதிரும் கவையின் அடியை நெற்றி நடுவில் ஊன்றி, ஒலி எந்தப் பக்கம் கேட்கிறது என்று கேளுங்கள். அடைப்பால் வந்த கேளாமையில் ஒலி அடைத்த காதுக்கே போகும். நரம்புவழிக் கேளாமையில் நல்ல காதுக்குப் போகும். இதுவே 1834-இல் வெபர் விவரித்த சோதனை. கவை இல்லையென்றால், வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று முனகச் சொல்லி, அது எந்தக் காதில் உரக்கக் கேட்கிறது என்று கேட்டாலும் ஏறத்தாழ அதே செய்தி கிடைக்கும். தொலைபேசியில்கூட இதைச் செய்யலாம். காது "அடைத்திருக்கிறது" என்று சொல்பவருக்கு ஒலி எதிர்ப்பக்கம் போனால், அவரை அன்றைக்கே அனுப்பிவையுங்கள்.

ரின்னே சோதனையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. காதுக்கு எதிரே பிடித்த கவையைவிடக் காதின் பின்னெலும்பில் ஊன்றிய கவை உரக்கக் கேட்டால் அது நடுக்காது அல்லது வெளிக்காதுக் கோளாறு என்று படித்திருப்பீர்கள். முற்றிலும் செயலிழந்த காதிலும் இதே விடை வரும். ஏனெனில் எலும்பு வழியே சென்ற ஒலியை எதிர்ப்பக்கத்து நல்ல காது கேட்டுக்கொள்கிறது. ஆகவே வெபர் சோதனையோடு சேர்த்துப் பார்க்காமல் ரின்னேயை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

வழிதேடி

மூவருக்கும் மிக்க நன்றி. இசைக்கவை வாங்க ஏற்பாடு செய்துவிட்டேன். சென்ற மாதம் காதடைப்பு என்று வந்தவர்களில் யாரிடமும் எங்கள் பிரிவில் இந்தச் சோதனையைச் செய்யவில்லை என்பதை எண்ணும்போது சற்றுக் கலக்கமாக இருக்கிறது. தலைசுற்றலைப் பற்றிய கேள்வி இன்னும் எஞ்சியிருக்கிறது. அதோடு இன்னொன்று: சீழ் வடியும் காதில் செவிப்பறை தெரியாத நிலையில் எந்தச் சொட்டு மருந்தை அச்சமின்றிக் கொடுக்கலாம்?

இரவுப்பணி

தலைசுற்றலுக்கு நான் பதில் சொல்கிறேன். அவசர சிகிச்சைப் பிரிவில் பணிபுரிவதால் இது எனக்கு அன்றாடப் பிரச்சினை. "எப்படிச் சுற்றுகிறது?" என்று கேட்பதைவிட, "எவ்வளவு நேரம் நீடிக்கிறது, எது தூண்டுகிறது?" என்று கேட்பது நம்பகமான பதிலைத் தரும்.

படுக்கையில் புரளும்போதோ அண்ணாந்து பார்க்கும்போதோ ஒரு நிமிடத்திற்கும் குறைவாகச் சுற்றி நின்றுவிடுகிறது என்றால், உட்காதின் கால்சியம் துகள்கள் அரைவட்டக் குழாய்க்குள் நகர்ந்திருக்கின்றன என்று கொள்ளலாம். 1952-இல் டிக்ஸ், ஹால்பைக் இருவரும் விவரித்த சோதனையால் இதை உறுதி செய்யலாம். நோயாளியின் தலையை 45 டிகிரி ஒரு பக்கம் திருப்பி, தலை படுக்கையின் விளிம்புக்குச் சற்றுக் கீழே தொங்குமாறு விரைந்து படுக்கவைத்து, கண்களைப் பாருங்கள். சில விநாடித் தாமதத்திற்குப் பிறகு விழிகள் சுழன்று துடித்து, தாமாகவே அடங்கினால் நோய் உறுதியாகிறது. அங்கேயே, அதே படுக்கையில் எப்லி முறையில் தலையைப் படிப்படியாகத் திருப்பித் துகள்களை வெளியேற்றிவிடலாம். மாத்திரையோ கழுத்துப் பட்டையோ தேவையில்லை. கழுத்து எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிவது நடுவயதைக் கடந்தவர்களுக்கு இயல்பு. அது தலைசுற்றலுக்குக் காரணமாகிவிடாது.

மணிக்கணக்கில், நாள்கணக்கில் இடைவிடாமல் சுற்றினால் கதை வேறு. அது உட்காது நரம்பின் அழற்சியாகவும் இருக்கலாம், சிறுமூளைப் பக்கவாதமாகவும் இருக்கலாம். 2009-இல் வெளியான ஹின்ட்ஸ் சோதனை இவ்விரண்டையும் பிரிக்க உதவுகிறது. தலையைச் சட்டென்று சிறிதளவு திருப்பும்போது விழிகள் இலக்கில் நிற்கின்றனவா, விழித்துடிப்பின் திசை பார்வைக்கேற்ப மாறுகிறதா, கண்களை ஒன்று மாற்றி ஒன்றாக மூடும்போது விழி மேலும் கீழும் நகர்கிறதா என்பவற்றை அது பார்க்கிறது. இதில் புதியவர்களைத் தடுமாற வைக்கும் இடம் ஒன்று உண்டு: தலையைத் திருப்பும் சோதனையின் விடை இயல்பாக இருப்பதுதான் இங்கே அபாயக் குறி. காது நோயில் விழி இலக்கைத் தவறவிட்டுப் பின் தாவித் திரும்பும். பக்கவாதத்தில் பெரும்பாலும் அப்படித் தவறுவதில்லை. சோதிக்கும் நேரத்தில் தலைசுற்றலும் விழித்துடிப்பும் இல்லாதவரிடம் இதைச் செய்யக்கூடாது. செய்தால் நலமானவரையும் பக்கவாத நோயாளி ஆக்கிவிடுவோம். இந்தச் சோதனையில் பழக்கம் வரும் வரை ஒன்றை மட்டும் கடைப்பிடியுங்கள்: தலைசுற்றலோடு வந்தவர் துணையின்றி உட்காரவோ நிற்கவோ முடியவில்லை என்றால், ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டாலும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். பின்மூளைப் பக்கவாதம் முதல் இரண்டு நாட்களில் எம்.ஆர்.ஐ.யிலும்கூடத் தெரியாமல் போவதுண்டு.

செவிப்பறை

சொட்டு மருந்து பற்றி: செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா என்று தெரியாத நிலையில் ஜென்டாமைசின், நியோமைசின் வகைகளைத் தவிர்த்துவிடுங்கள், அவை உட்காதைப் பாதிக்கக்கூடியவை. சிப்ரோஃப்ளாக்ஸசின் அல்லது ஓஃப்ளாக்ஸசின் சொட்டு மருந்துகளில் அந்த அச்சமில்லை. ஆனால் சீழ் நிறைந்த காதில் எந்த மருந்தை விட்டாலும் அது உள்ளே போய்ச் சேராது. மெல்லிய குச்சியில் பஞ்சைச் சுற்றி, அது நனையாமல் வெளிவரும் வரை துடைத்தெடுத்துவிட்டு, பிறகு மருந்து விடச் சொல்லுங்கள். நீரைப் பீய்ச்சிக் கழுவ வேண்டாம்.

சீழ் நின்ற பின் மறுபடியும் பாருங்கள். அப்போதுதான் பறை தெரியும். அதன் மேற்பகுதியில் பழுப்பு நிறப் பொருக்கு ஒட்டிக்கொண்டிருந்தால் அதைக் குறும்பி என்று விட்டுவிடாதீர்கள். அதன் அடியில் எலும்பை அரிக்கும் கொலஸ்டியடோமா என்னும் தோல் வளர்ச்சி ஒளிந்திருக்கலாம், குறிப்பாகக் காதுச் சீழில் துர்நாற்றம் இருந்திருந்தால். சர்க்கரை நோயுள்ள முதியவருக்குச் சொட்டு மருந்து விட்டும் அடங்காமல், இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் காதுவலி இருந்தால், அது வெளிக்காதுத் தொற்று மண்டையோட்டின் அடியெலும்புக்குப் பரவியதன் அடையாளமாக இருக்கலாம். இந்த இரு வகையினரையும் சொட்டு மருந்தை மாற்றிப் பார்க்காமல் எங்களிடம் அனுப்பிவையுங்கள். அனுப்பும் கடிதத்தில் எந்தக் காது, எத்தனை நாளாக, முகத்தசை அசைவு எப்படி இருக்கிறது என்ற மூன்றையும் எழுதினால், யாரை முதலில் பார்ப்பது என்று நாங்கள் அதை வைத்தே முடிவு செய்துகொள்வோம்.